நிற்க மறுத்த நிழற்குடை

நெடுங்கரிசலில் நான்குவழிச் சாலை போடுவதற்காக பஸ் ஸ்டாப்பிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் நின்ற புளியமரங்களையெல்லாம் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன அடுத்த கோடையில்தான் தங்கபுஷ்பத்துக்கு மதுரையில் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் நடந்தது. அவள் உடம்பு இளைக்க இளைக்க அவள் நிழல் பருக்கத் தொடங்கியதும் அந்தக் கோடையில்தான். மரம் போனதற்கும் நிழல் வந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள், ஆனால் வெயில் அப்படி அடித்ததால் இரண்டு தரப்பாரும் அந்த நிழலுக்குள் நின்றுகொண்டுதான் அதைப் பேசினார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் தங்கபுஷ்பத்துக்கு ஊர் என்பது ஜன்னல் வழியாகத் தெரிகிற தெருத்துண்டுதான். கல்யாண வீடுகளுக்குப் போனால் பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது என்று இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கொண்டுவந்து போடுவார்கள், போடுகிறவர்கள் அதை ரொம்ப மரியாதையாகத்தான் செய்வார்கள், அதனாலேயே அவள் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள், அப்புறம் கோயிலுக்கு, அப்புறம் வாசலுக்கு. டாக்டரிடம் இருந்த எடை மிஷினில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டதால், அவள் புருஷன் தவசிமுத்து தன் ஷேர் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு பருத்திக் கிட்டங்கிக்குப் போய், பொதி நிறுக்கிற இரும்புத் தராசில் நிற்க வைத்து எடை பார்த்தான். சுமை தூக்கும் ஆட்கள் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூட அவள் இரண்டு வசவு வைதுவிட்டு வந்திருப்பாள், அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், தவசிமுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற வரைக்கும் அப்படியே கிடந்தாள். அவன் ஒருவனால் தூக்க முடியவில்லை, பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுத்தான் தூக்கினான். தூக்கி உட்கார வைத்த பிறகு அவள் அழவில்லை. மதுரைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அங்கே டாக்டர், எதற்காக இந்த ஆபரேஷன் வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டார். சர்க்கரை குறையணும், மூட்டுவலி போகணும், ஆள் பார்க்க நல்லாயிருக்கணும் என்று ஏதாவது சொல்லுவாள் என்று அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"நடக்கணும் சார்," என்றாள் தங்கபுஷ்பம். "யார் கையையும் பிடிக்காம."

வயிறு ஒரு நாட்டு வாழைப்பழம் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. முதலில் வெறும் தண்ணீரும் பருப்புத் தெளிவும், பிறகு குழைத்த இட்லியில் பாதி, தலைமுடி கொஞ்சம் கொட்டியது, கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது, டெய்லர் அவளுடைய ஒரே ஜாக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கடைசியில் இனிப் பிடிக்கத் துணி இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். கரைந்ததெல்லாம் எங்கே போகிறது என்பதை முதலில் கண்டது தவசிமுத்துதான். அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அவளோ கொடிக்கம்புபோல இருந்தாள், அவள் நிழல் முற்றத்தை நிரப்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறி அங்கே காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாய் மேலும் விழுந்திருந்தது. அடுத்த மாதம் அது தெருவில் இறங்கியது. உச்சி வெயிலில் ஊரில் எல்லார் நிழலும் காலுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும்போது அவளுடையது சுற்றிலும் விரித்த ஜமுக்காளமாகக் கிடந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது அவள் டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய், கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களை மூடிக்கொண்டு கிடந்த நிழலை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, எடை நன்றாக இறங்கியிருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, நிழல் எங்கள் பிரிவில் வராது, தோல் டாக்டரைப் பாருங்கள் என்றார். தோல் டாக்டர் வேனிற்கட்டிக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

தங்கபுஷ்பத்துக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பாடுபட்டு உதறியது பின்னாலேயே வருகிறதே என்று, வெயில் ஏறுவதற்கு முன்னால் எழுந்து சுவரோரமாக நடந்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவாள். குழாயடியில் பெண்கள் சும்மா விடுவார்களா. "பழைய தங்கபுஷ்பமும் கூடவே வாராளே," என்றாள் ஒருத்தி, "வீட்டுல தனியா இருக்கப் பயமாம்மா அவளுக்கு?" அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். குடத்தை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு கொஞ்ச நேரம் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கூரியர் ஆபீஸ் குருவையா ஆட்டோவுக்காக வீட்டு வாசலில் வந்து நின்று தவசிமுத்துவிடம் புலம்பினார். பஜாருக்குள் இருக்கிற சந்துகளில் சைக்கிள்கூட நுழையாது, நடந்துதான் தபால் கொடுக்க வேண்டும், கொடுத்துக்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான், ஒருத்தனும் நடக்கத் தயாராக இல்லை என்றார். நான் போகிறேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தவசிமுத்து தரையைப் பார்த்தான். குருவையா சங்கடப்பட்டு, பை கனமாக இருக்குமே தாயி என்றார்.

"கனத்தைப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே தங்கபுஷ்பம் வெளியே வந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள் அவள் பை முழுதையும் தீர்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் கீரை விற்கிற மாடத்தியிடம் ஒரு விலாசம் கேட்பதற்காக நின்றாள். மரம் இருந்த காலத்தில் சாயங்காலம் வரைக்கும் விற்ற மாடத்திக்கு இப்போது முற்பகலிலேயே கீரை தலை தொங்கிவிடும், தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்துபோய் உட்கார்ந்திருப்பாள். தங்கபுஷ்பத்தின் நிழல் கூடையின் மேல் விழுந்தது. அரைக்கீரை முதலில் நிமிர்ந்தது, பிறகு சிறுகீரை, கடைசியாகப் பொன்னாங்கண்ணி. மாடத்தி நிமிர்ந்து பார்த்து, விலாசத்தைச் சொல்லாமல், செத்த நேரம் நில்லு தங்கம் என்றாள். பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மெல்ல உள்ளே வந்தாள், அவளுக்குப் பின்னால் ஜோசியக்காரர், அவருக்குப் பின்னால் ரேஷன் பையோடு ஒரு குடும்பம். மண் தரை போட்ட பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி அங்கே குளிர்ச்சியாக இருந்தது. லேசாகப் புளியம்பூ வாசம் வந்தது என்றும் சிலர் சொன்னார்கள். யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. பஸ் வரக் காத்திருக்கிறவர்கள் பேசுகிற பேச்சையெல்லாம் பேசினார்கள், வேர்வையைத் துடைத்தார்கள், போகும்போது வாரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நெடுங்கரிசல் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிற ஊர். ஒரு மாதத்துக்குள், தங்கபுஷ்பம் எந்நேரம் எங்கே நிற்பாள் என்று டீக்கடையில் விசாரிப்பது மதுரை பஸ்ஸை விசாரிப்பதுபோல ஆகிவிட்டது. வடகம் காயப்போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் எங்கள் தெருப்பக்கம் வந்துவிடாதே அம்மா என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். சாவு வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, பந்தல்காரர் வருகிற வரைக்கும் வந்து நிற்கச் சொன்னார்கள், நின்றாள். அவளைத் தூரத்தில் கண்டதும் முகம் மலருகிறவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றை அவள் கல்யாணமான புதிதிலும் கண்டதில்லை. இப்போது அவளுக்கு நிழல்மேல் வெட்கம் இல்லை. நன்றியை எப்படிக் காட்டுவது என்று தெரிந்த ஊர் அது, சீரணி மிட்டாய், சேவு, ரோஸ்மில்க், பருத்திப்பால் என்று கையில் திணித்தார்கள், அவளுக்கோ இரண்டு கரண்டிக்குமேல் உள்ளே போகாது, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் எல்லாவற்றையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்தக் கோடையில் தவசிமுத்துவுக்குத் தொப்பை விழுந்தது.

வார்டு கவுன்சிலர் செண்பகராமனுக்கு யோசனை தோன்றியது அப்போதுதான். சாலைக்காரர்கள் இடித்த பயணியர் நிழற்குடைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கட்டித் தருவதாக அவர் தேர்தலில் சொல்லியிருந்தார், அது எந்த ஆபீஸிலோ நின்றுபோயிருந்தது, இங்கே கட்டாமலே ஒரு நிழற்குடை ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. அவர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வீட்டுக்கு வந்து, ஊரே உன்னால் பிழைக்கிறது தாயி என்று சொல்லி, பஸ் ஸ்டாப்பில் ஒரு மேடை, மேடைமேல் மெத்தை தைத்த இரும்பு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், குடிக்க மண்பானைத் தண்ணீர் எல்லாம் செய்து தருவதாகவும், அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே இருந்தால் போதும் என்றும் சொன்னார். வெயில் சாய்கிறதுக்கு ஏற்ப நாற்காலியை நகர்த்திப் போடத் தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள்கூடப் போட்டு வைத்திருந்தார். தங்கபுஷ்பம் சரி என்றாள். தன்னை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு அப்போது தெரியாது. அவளிடம் அப்படி யாரும் கேட்டு வந்ததே இல்லை.

மேடை முடிகிற வரைக்கும் சும்மா ஒத்திகை மாதிரி அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். கூட்டம் அவளைச் சுற்றி உட்கார்ந்தது. குருவையாவின் ஆபீஸில் தபால் குவிந்தது, அவர் நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லாமல் தானே நாலு தெருவுக்கு நடந்து மூச்சு வாங்கினார். மாடத்தி மட்டும் ஒருநாள், கால் வீங்கியிருக்குதே தங்கம் என்று கேட்டாள். வெக்கைதான் என்றாள் தங்கபுஷ்பம்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போக அவள் எழுந்தபோது, இரண்டு கைகளும் தாமாகவே நாற்காலியின் கைப்பிடிகளில் போய் ஊன்றிக்கொண்டன, மூச்சை ஒரு தரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் தள்ளினாள். எழுந்து நின்ற பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அந்த ஊன்றலை அவளுக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் அத்தனை வருஷமும் கட்டிலிலிருந்து அவள் அப்படித்தான் எழுந்தாள்.

மறுநாள் காலையில் நாதஸ்வரம் வாசித்தார்கள். செண்பகராமனின் பெயர் பெரிதாகவும் பயணியர் நிழற்குடை என்பது அதைவிடச் சிறிதாகவும் வெட்டிய கருங்கல்லுக்குச் சந்தனம் தெளித்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் பேனரில் அவள் படம், ஆபரேஷனுக்கு முந்தின படம், அதுதான் அவர்களிடம் இருந்தது போல. நாற்காலிக்கு முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டி அதற்குப் பின்னால் அவளை நிற்க வைத்தார்கள். நிழல் மேடையை மூடி, பந்தி பந்தியாக நின்ற ஜனங்களை மூடி, நாதஸ்வரக்காரர் வரைக்கும் போயிருந்தது. கவுன்சிலர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நான் இதுல உக்கார மாட்டேன்யா," என்றாள் தங்கபுஷ்பம்.

உட்கார வேண்டாம் தாயி, நின்றால் போதும் என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

"நிக்கவும் மாட்டேன். எனக்குத் தபால் கிடக்கு."

நாதஸ்வரம் நின்றது. செண்பகராமன் குரலைத் தாழ்த்தி, அப்படியானால் நிழல் என்னாவது என்று கேட்டார். நிழல் எங்கேயும் போகாது, நான் போகிற வழியில் என்னோடு வரும், வேண்டும் என்கிறவர்கள் கூட வரட்டும் என்றாள் அவள். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனுஷர், ரிட்டயரான கிளார்க், முன்னால் வந்து, கடவுளாகப் பார்த்து ஊருக்கு உபகாரமாக ஒன்றைக் கொடுத்திருக்கும்போது அதைப் போட்டுவிட்டு ஊர் சுத்தப் போகிறாயா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருப்பதாகப் பலர் தலையாட்டினார்கள்.

"ஆமாண்ணே," என்றாள் தங்கபுஷ்பம். "ஊர் சுத்தத்தான் வயித்தை வெட்டிக்கிட்டேன்."

வரும்போதே குருவையாவிடம் வாங்கி வைத்திருந்த தபால் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, ரிப்பனுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாள். குனிந்ததில் இடுப்பு எந்த முனகலும் இல்லாமல் மடங்கியது. அவள் நடக்க நடக்க நிழல் ஜனங்கள் மேலிருந்து வரிசை வரிசையாக உருவிக்கொண்டு போயிற்று, கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்ததுபோல வெயில் உள்ளே விழுந்தது. போட்டோக்காரர் வந்துவிட்டதால் செண்பகராமன் ரிப்பனை வெட்டத்தான் செய்தார்.

அந்த வாரம் ஊர் அவளோடு பேசவில்லை. கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்கிக்கொண்டு கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். அவள் நிழல் பெரிதாக, குளிர்ச்சியாக, ஆளில்லாமல் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. மலர்ந்த முகமெல்லாம் நிழலைப் பார்த்துத்தானா, என்னைப் பார்த்து ஒன்றுகூட இல்லையா? இரவில் அதை அவள் தவசிமுத்துவிடம் கேட்கவில்லை, அவன் தன் போக்கில் தினமும் ஆட்டோவை முதல் கியரில் உருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்து, ஆட்டோ நுழையாத சந்துகளின் முக்கில் காத்து நின்றுகொண்டிருந்தான், எங்கேயாவது அவளுக்குக் கால் சறுக்கிவிடும் என்று. திரும்பிப் போங்க என்று சொன்னால், சவாரி இல்லை என்பான். சவாரி கைகாட்டி நிற்பது அவளுக்கே தெரியும்.

முதலில் வந்தது மாடத்தி. எண்ணெய்க்கடைச் சந்து திரும்புகிற இடத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். "உக்காந்து உக்காந்து எனக்கும் இடுப்பு புடிச்சுக்கிட்டது," என்றாள், "நட, வாரேன்." இரண்டு பேரும் நடந்தார்கள். நின்ற இடத்தில் விற்காத கீரை நடக்கிற வழியில் விற்றது, மூன்றாவது சந்து தாண்டுவதற்குள் கூடை காலி, காலிக் கூடையோடும் மாடத்தி திரும்பவில்லை, கொழுந்தியாள் வீட்டுக் கதையைப் பாதியில் விட முடியாது என்று கூடவே வந்தாள். மறுநாள் சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பிறகு, பென்ஷன் ஆபீஸுக்குப் போகிற வழி அதுதான் என்று சொல்லிக்கொண்டு, கண்ணாடி போட்ட கிளார்க்கே வந்து நிழலின் ஓரத்தில், பாதி வெயில்பட, கொஞ்ச தூரம் கௌரவமாக நடந்து, பிறகு உள்ளே வந்தார்.

அதற்கப்புறம் ஊர் தன் காரியங்களை அவள் நடைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டது. பாத்திரக்கடைத் தெருவுக்கு அவள் போகிற நாளில் பாத்திரம் வாங்கினார்கள், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற நாளில் காய்ச்சலைக் காட்டினார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் அவளோடு வீடுவீடாக வந்தார்கள். தபால் வராத தெருக்காரர்களுக்குத்தான் பெரிய மனக்குறை. மேலத்தெருவில் ஒருத்தரும் யாருக்கும் எதுவும் அனுப்புகிறவர்கள் இல்லை, அவர்களுக்கும் எவரும் அனுப்புவதில்லை. அவர்கள் கூடிப்பேசி, முறைவைத்து, தங்களுக்குத் தாங்களே கூரியர் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். குருவையாவிடம் வந்து தங்கள் விலாசத்தையே எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் வாசலில் நின்று காத்திருப்பார்கள். உறைக்குள் ஒன்றும் இருக்காது. தங்கபுஷ்பம் அதைக் கையில் வாங்கியதுமே தெரிந்துகொள்வாள், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். அந்தத் தெருவுக்குப் போகிற நாட்களில் அவள் கொஞ்சம் நல்ல சேலை கட்டினாள்.

ஒருநாள் இரும்புக்கடை முக்கில் திரும்பிப் பார்த்தபோது ஆட்டோவைக் காணவில்லை. தவசிமுத்து பக்கத்து ஊருக்குச் சவாரி போயிருந்தான், அவளிடம் சொல்லாமல் போயிருந்தான், சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் அவனுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு நிதானமாக மென்று தின்றாள், ருசி அத்தனையும் அந்த இரண்டு கரண்டியில் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் கருங்கல் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. செண்பகராமனின் கார் ஒர்க்ஷாப்புக்குப் போன ஒரு நாளில் அவரும் அங்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டி வந்தது, அடுத்த வாரமே நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டுவிட்டார். பந்தல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தபோது, உன் நிழல் மாதிரி வராது தாயி என்று சொன்னார், மனதாரச் சொன்னார்.

புரட்டாசி வாக்கில் ஒருநாள் மத்தியானத்துக்கு முன்னாலேயே பை தீர்ந்துவிட்டது, அவர்கள் ரயில்வே கேட் வரைக்கும் வந்திருந்தார்கள். கடைசி உறையைக் கேட்கீப்பரிடம் கொடுத்துவிட்டு அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். தண்டவாளத்தைத் தாண்டி ஒரு மண்பாதை சோளக்காட்டு வழியாகக் கண்மாய்க்குப் போனது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, கண்மாய் அங்கே இருக்கிறது என்று அவள் கேள்விப்பட்டதோடு சரி.

திரும்பலாமா என்றாள் மாடத்தி.

"நீங்க திரும்புங்க. நான் அங்க வரைக்கும் போயிட்டு வாரேன்."

"அங்க யாருக்குத் தபாலு?"

"யாருக்கும் இல்ல, மதினி. சும்மாத்தான்."

அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள். வெறும் பை தோளில் ஆடியது, செருப்புக்கடியில் கரிசல் மண் மெத்தென்று இருந்தது, சோளத் தட்டை இரண்டு பக்கமும் உரசிச் சத்தம் போட்டது, மூச்சு ஒரே சீராக வந்தது. மேற்கேயிருந்து மேகம் ஏறி வந்து வெயிலை மூடியது. காடு முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள், நிழல் இல்லை. முன்னால் இல்லை, பின்னால் இல்லை, காலடியில் நகத்தளவுகூட இல்லை. மேகம் மூடினால் யாருக்கும் இருக்காதுதான், ஆனாலும் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது, பிறகு திரும்பிப் பார்த்தாள்.

தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மாடத்தி, இடுப்பில் காலிக் கூடை, அவளுக்குப் பின்னால் சர்க்கரைக்கு நடக்கிற பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கிளார்க் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒருத்தரும் வானத்தைப் பார்க்கவில்லை.

"ஏத்தா, என்ன ஓட்டமா ஓடுற," என்று மாடத்தி அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள், "செத்த பையத்தான் போயேன். கொழுந்தியா கதை இன்னும் முடியல."

தங்கபுஷ்பம் அவர்கள் வந்து சேருகிற வரைக்கும் நின்றாள். பிறகு எல்லாருமாகக் கண்மாயைப் பார்க்கப் போனார்கள்.